புண் வந்தால்தான் பணமா?

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ள வேலைக்கு வைத்திருக்கும் அக்காவின் சம்பளத்தை ஹெல்த் பாலிசியில் கேட்டிருந்தேன். 'விலக்கு 05-இன்படி தர இயலாது' என்று போன வாரம் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. விலக்கு என்றால் பாலிசியில் பணம் கிடைக்காத செலவு. கம்பெனியைச் சொல்லிப் பயனில்லை. அந்த வாசகத்தை 2019-இல் எல்லாருக்கும் பொதுவாக வகுத்துக் கொடுத்தது நீங்கள்தான். குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, நடக்கவைப்பது. வீட்டிலானாலும் பராமரிப்பு இல்லத்திலானாலும், நர்ஸ் செய்தாலும் யார் செய்தாலும் இதற்கெல்லாம் பணம் கிடையாது. எங்கள் வீட்டை எட்டிப் பார்த்து எழுதியதுபோல் அத்தனை கச்சிதம்.

அம்மாவுக்கு 78 வயது. பக்கவாதம் வந்து 16 மாதமாகிறது. ஆஸ்பத்திரியில் இருந்த 9 நாளுக்குப் பணம் வந்தது, குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடுங்க, படுக்கைப் புண் மட்டும் வந்துடக் கூடாது" என்றார். இரவில் அது என் வேலை. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அலாரம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்கு அண்டை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைத்து, டயப்பர் மாற்றி, இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறதா என்று செல்போன் வெளிச்சத்தில் பார்ப்பேன். ஒன்பதரைக்கு ஆபீஸ். இந்த 16 மாதத்தில் ஒரு புண்கூட வரவில்லை, ஐயா.

நான் நாலு ராத்திரி அசந்து தூங்கி, புண்ணாகி, சீழ் பிடித்து அம்மாவை அட்மிட் செய்தால் அதே கம்பெனி பணம் தரும். புண் வராமல் காக்கிற அக்காவின் 18,000 ரூபாய்க்குத்தான் விலக்கு.

நான் கேட்பது இதுதான்: அந்த விலக்கைத் திருத்துங்கள். தானாகச் சாப்பிட, குளிக்க, கழிப்பறை போக முடியாதவர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், வீட்டுப் பராமரிப்புக்கும் ஒரு தொகை தரச் சொல்லுங்கள்.

65 வயதைத் தொட்டவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு என்றாவது இத்தகைய உதவி தேவைப்படும் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. ஜெர்மனி 1995-இலும் ஜப்பான் 2000-லும் இதற்கென்றே தனிக் காப்பீடு கொண்டுவந்துவிட்டன. ஜப்பானில் 40 வயதிலேயே சந்தா பிடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இங்கே விமானம் விழுந்து செத்தால் பாலிசி உண்டு. அது நடக்கிற வாய்ப்பு எவ்வளவு, படுக்கையில் விழுகிற வாய்ப்பு எவ்வளவு? வாய்ப்புக் கணக்குப் போடுவதுதானே உங்கள் தொழில்?

70 தாண்டியவர்களுக்கு 5 லட்சம் என்று ஒன்றிய அரசு தரும் அட்டையும் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு சரி. கேட்டால் நம் குடும்ப அமைப்பின் பெருமை பேசுவார்கள். அந்த அமைப்பு என்பது பெரும்பாலும் வேலையை விட்ட ஒரு மகளோ மருமகளோதான். நானும் எத்தனை நாள் விடாமல் இருப்பேனோ.

மன்னிக்கவும், வேறெங்கோ போய்விட்டேன். பாலிசி வாங்க 65 வயதுதான் வரம்பு என்பதை 2024-இல் நீக்கினீர்கள், நன்றி. அதே அக்கறையோடு விலக்கு 05-ஐயும் மறுபடி எடுத்துப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாவின் அடுத்த பிரீமியம் 14-ஆம் தேதி. கட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு மகள்