அப்பாவுக்கு, பாப்பாவின் படிப்பு விஷயமாக

எடிசன், நியூ ஜெர்சி
8 மார்ச் 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டோம். இனி நவம்பர் வரை உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம்தான். குளிர் விட்டுவிட்டது. ரோட்டோரம் வாரிக் குவித்த பனி மட்டும் கறுத்துப் போய்க் கிடக்கிறது.

போன வாரம் உங்கள் பேத்தி, நம் பாப்பாவின் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்ததும், "மார்க்குதான் வருதுல்ல, டாக்டருக்குப் படிக்கட்டும். மருந்துக் கடையில நின்னது என்னோட போகட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டீர்கள். பக்கத்திலேயே அவள் உட்கார்ந்திருந்தாள், அப்பா. ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. இதையெல்லாம் போனில் சொன்னால் நடுவிலேயே "சரி சரி" என்று முடித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படியுங்கள்.

அவள் இப்போது பதினொன்றாவது. இங்கே பன்னிரண்டாவது முடிந்ததும் நேராக பார்மசியில் சேர ஒரு வழி இருக்கிறது. மொத்தம் ஆறு வருஷம். முதல் இரண்டு வருஷம் வேதியியல், உயிரியல், கால்குலஸ், இயற்பியல். அடுத்த நாலு வருஷம் தொழிற்படிப்பு. முடித்தால் பார்ம்.டி. என்ற மருந்தாளுநர் பட்டம். நம் ஊர் பி.பார்ம் மாதிரிப் படிப்பை வைத்துக்கொண்டு இங்கே மருந்தாளுநராக முடியாது. 2000-க்குப் பிறகு சில வருஷங்களில் அந்தப் பட்டத்தை நிறுத்திவிட்டு, இங்கே படிக்கிறவர்களுக்கு பார்ம்.டி. ஒன்றுதான் தகுதி என்று ஆக்கிவிட்டார்கள். நம் நாட்டிலும் 2008-ல் ஆறு வருஷ பார்ம்.டி. வந்ததே, அதே மாதிரிதான்.

என் கதை உங்களுக்குத் தெரியும், ஆனால் முழுக் காரணத்தை நான் சொன்னதில்லை. 2005-ல் பி.பார்ம் முடித்து, எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகச் சான்றிதழைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தேன். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே சமானத் தேர்வு எழுதலாம். ஆனால் 2003 ஜனவரி 1-க்குப் பிறகு பட்டம் வாங்கியிருந்தால் ஐந்து வருஷப் படிப்பாக இருக்க வேண்டும். நான் படித்தது நாலு வருஷம். பரீட்சை எழுதித் தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், எழுதவே வழியில்லை. உங்கள் மாப்பிள்ளையின் வேலை விசாவைச் சார்ந்து வந்தவள் என்பதால் 2015 வரை எந்த வேலைக்கும் அனுமதி கிடையாது. அந்த வருஷம் விதி மாறிய பிறகுதான் மருந்துக் கடையில் டெக்னீசியனாக, அதாவது மருந்தாளுநருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். இன்றும் மாத்திரை எண்ணுவேன், லேபிள் ஒட்டுவேன், இன்சூரன்ஸ்காரர்களோடு போனில் மல்லுக்கட்டுவேன். கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் மருந்தாளுநர்.

இந்தக் கதையால்தான் அவள் இந்தப் படிப்புக்கு வருகிறாளோ என்ற பயம் எனக்கும் இருந்தது. நேரடியாகவே கேட்டேன். "அம்மா, உனக்காக இல்ல. எனக்கு கெமிஸ்ட்ரி பிடிக்கும், ரத்தம் பாக்கப் பிடிக்காது. ஒரு மருந்து உடம்புக்குள்ள போயி என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கணும்" என்றாள். நம்பினேன். அவள் பொய் சொன்னால் எனக்குத் தெரியும்.

இங்கே மருந்தாளுநர் என்ன செய்கிறார் என்பதை நீங்கள் ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். நம் கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்து, காகிதக் கவரில் போட்டு, காலை மாலை என்று எழுதிக் கொடுப்பீர்கள். இங்கே அட்டை அபூர்வம். பெரிய டப்பாவிலிருந்து தட்டில் கொட்டி, ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணி, ஆரஞ்சு நிறக் குப்பியில் போட்டு, நோயாளி பெயரோடு லேபிள் ஒட்டித் தருவோம். குழந்தைகள் திறக்க முடியாத மூடிதான் போட வேண்டும், 1970-ல் வந்த சட்டம். கை நடுங்குகிற பெரியவர்கள் கேட்டால் சாதாரண மூடி போட்டுத் தரலாம். இவ்வளவுதான் வேலை என்றால் நானும் உங்கள் பக்கம்தான் பேசியிருப்பேன்.

சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு முதியவர், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர். சிறுநீர்த் தொற்று என்று வேறொரு டாக்டரிடம் போய் பாக்ட்ரிம் எழுதி வாங்கி வந்திருந்தார். நீங்கள் செப்ட்ரான் என்று கொடுப்பீர்களே, அதே சல்ஃபா மருந்து. கம்ப்யூட்டர் எச்சரிக்கை காட்டியது. ஆனால் அது நாள் முழுக்க எதற்கெடுத்தாலும் எச்சரிக்கும்; பழகிப்போய்த் தட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எங்கள் மருந்தாளுநர் தட்டிவிடவில்லை. காரிலிருந்தே மருந்து வாங்குகிற ஜன்னலில் வரிசை நிற்கிறது, உள்ளே நாலு பேர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அவர் டாக்டர் ஆபீசைக் கூப்பிட்டு, காதில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு, யாராவது எடுக்கும் வரை நின்றார். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் நீர்த்துப்போய் உள்ளுக்குள்ளேயே கசியலாம். வேறு மருந்து மாற்றி எழுத வைத்துவிட்டுத்தான் ஃபோனை வைத்தார். அந்தப் பெரியவருக்கு ஏன் தாமதம் என்றே தெரியாது, முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார்.

எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. தெருவில் யார் யாருக்கு சல்ஃபா ஒத்துக்கொள்ளாது என்று நோட்டைப் பார்க்காமல் சொல்வீர்கள். சீட்டில் டாக்டர் அதை எழுதியிருந்தால், "கொஞ்சம் உட்காருங்க" என்று சொல்லிவிட்டு நீங்களே அவர் கிளினிக்குக்கு நடந்து போவீர்கள். அதைக் கடையில் நிற்பது என்று நீங்கள் சொல்லலாம், நான் சொல்ல மாட்டேன். இங்கே அதே வேலைக்கு ஆறு வருஷம் படிக்க வைத்து, அதற்குள் குறைந்தது 300 மணி நேரம் ஆரம்பப் பயிற்சி, கடைசி வருஷம் 1,440 மணி நேரம் ஆஸ்பத்திரியிலும் கடையிலும் பயிற்சி கொடுத்து, பிறகு நேப்லெக்ஸ் என்ற தேசியத் தேர்வும் மாநிலச் சட்டத் தேர்வும் வைத்து, அப்புறம்தான் கையெழுத்துப் போட விடுகிறார்கள். மருந்தாளுநர்களே தடுப்பூசியும் போடுகிறார்கள்.

கஷ்டங்களையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடை வேலை இப்போது மிகவும் கடினம். ஆள் குறைவு, மருந்துச் சீட்டு அதிகம். ரைட் எய்ட் என்று ஒரு பெரிய சங்கிலிக் கடை இருந்தது, நீங்கள் வந்தபோது பார்த்திருப்பீர்கள். 2023-ல் ஒரு தடவை, 2025-ல் இன்னொரு தடவை திவால் மனு போட்டு, எல்லாக் கிளைகளையும் மூடிவிட்டது. 2000 வாக்கில் நாடு முழுக்க 80 சொச்சம் பார்மசி கல்லூரிகள். இப்போது 140-க்கு மேல். ஆனால் விண்ணப்பிக்கிற பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். இதனால் ஒரு விஷயம் மாறியிருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. முன்பெல்லாம் இந்த நேரடிச் சேர்க்கையின் பெருமையே, பதினேழு வயதிலேயே கல்லூரி சீட்டு உறுதி என்பதுதான். இப்போது நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு வேறு கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டுப் போனாலும் சீட்டு கிடைக்கும். ஆகவே சீட்டுக்குப் பயந்து இதில் சேர வேண்டியதில்லை. சிதறாமல் ஆறு வருஷத்தில் முடிக்கலாம், முதல் நாளிலிருந்தே அதே துறைப் பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் இருக்கலாம். அதற்காகச் சேரலாம்.

சேர்ந்துவிட்டால் எல்லாம் தானாக நடக்கும் என்றும் இல்லை. முதல் இரண்டு வருஷத்தில் கல்லூரி சொல்கிற மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் தொழிற்படிப்புக்குள் விட மாட்டார்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில்தான் பலர் வழுக்குகிறார்கள். மூன்றாவது வருஷம் வந்து இது எனக்கு வேண்டாம் என்று தோன்றினால் கையில் பட்டம் இருக்குமா என்பதும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் நடுவிலேயே ஒரு இளநிலைப் பட்டம் தருகிறார்கள், சில இடங்களில் இல்லை. இதை எழுத்தில் கேட்டு வாங்கு என்று பாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பார்மசி கல்லூரி பக்கத்து ஊரான பிஸ்காட்டவேயில் இருக்கிறது. 1892-ல் நியூவர்க்கில் தொடங்கிய பழைய கல்லூரி. இந்த மாநிலத்துப் பிள்ளை என்பதால் கட்டணமும் குறைவு, வீட்டிலிருந்தே போகலாம். இன்னொன்று, ஜான்சன் அண்ட் ஜான்சன், மெர்க் போன்ற மருந்துக் கம்பெனிகளின் தலைமையகமெல்லாம் இதே மாநிலத்தில்தான். மருந்து ஆராய்ச்சி, பாதுகாப்புக் கண்காணிப்பு என்று கடைக்கு வெளியேயும் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. கம்பெனிகளோடு சேர்ந்து 1984-லிருந்தே ரட்கர்ஸில் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி நடத்துகிறார்கள். நியூயார்க்கில் செயின்ட் ஜான்ஸ், ஃபிலடெல்ஃபியாவில் செயின்ட் ஜோசப்ஸ் இரண்டு பல்கலைக்கழகங்களையும் அவள் குறித்து வைத்திருக்கிறாள். ஃபிலடெல்ஃபியா கல்லூரி 1821-ல் தொடங்கியது, இந்தக் கண்டத்திலேயே முதல் பார்மசி கல்லூரி; 2022-ல்தான் செயின்ட் ஜோசப்ஸோடு சேர்ந்தது. எனக்கு ரட்கர்ஸ்தான் விருப்பம். தனியார் கல்லூரிக் கட்டணத்தைக் கேட்டால் மாப்பிள்ளை தூங்க மாட்டார்.

கடன் விஷயமும் கவனிக்கிறோம். இந்த ஜூலையிலிருந்து புது விதி. தொழிற்படிப்பு மாணவருக்கு அரசுக் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தமாக 2 லட்சம் டாலர், அதற்கு மேல் கிடையாது. மருந்தாளுநரின் சம்பளம், 2024 கணக்கில் நடுமட்டம், வருஷத்துக்கு 1,37,000 டாலர் சொச்சம். ரட்கர்ஸில் படித்தால் கழுத்து நெரியாமல் அடைத்துவிடலாம்.

டாக்டர் படிப்பை அவள் எண்ணிப் பார்க்காமல் இல்லை. நாலு வருஷம் ஒரு பட்டம், பிறகு நுழைவுத் தேர்வு, நாலு வருஷம் மருத்துவம், குறைந்தது மூன்று வருஷம் ரெசிடென்சி என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சி. ஆசை இருந்தால் அதுவும் பெரிதில்லை. அவளுக்கு அந்த ஆசை இல்லை, அப்பா. இல்லாத ஆசையைத் தாத்தா சொன்னார் என்பதற்காக வரவழைத்துக்கொள்ளப் பார்ப்பாள். உங்கள் வார்த்தைக்கு அவளிடம் அவ்வளவு மதிப்பு. அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன், இனி அவளிடம் டாக்டர் பேச்சு வேண்டாம்.

அதற்குப் பதிலாக வேறொன்று செய்யுங்கள். அவளிடம் கடையைப் பற்றிப் பேசுங்கள். நல்லதை மட்டும் சொல்லாதீர்கள். கடன் சொல்லி வாங்கிப்போய்த் திரும்பாதவர்கள், சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டுச் சண்டை போட்டவர்கள், கால் வீங்கி ராத்திரி வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது, எல்லாம் சொல்லுங்கள். இல்லை என்று சொல்லி அனுப்பியவர்களைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த வேலையில் அதுதான் கஷ்டம் என்று நான் நினைக்கிறேன். எல்லாவற்றையும் கேட்ட பிறகும் வேண்டும் என்றால் சேரட்டும். வேண்டாம் என்றால் அதுவும் சரி, எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது.

பல கல்லூரிகளுக்கு நவம்பர் தொடக்கத்திலேயே விண்ணப்பக் கெடு வந்துவிடும். கோடையில் ஒரு கட்டுரை எழுத வேண்டும், ஏன் இந்தப் படிப்பு என்று. அதற்கு முன்னால் உங்களிடம் கேட்க ஒரு கேள்விப் பட்டியல் எழுதி வைத்திருக்கிறாள், தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதி. வருகிற ஞாயிறு உங்களுக்கு சாயந்தரம் ஆறரைக்குக் கூப்பிடச் சொல்கிறேன், இங்கே காலை ஒன்பது. கோயிலுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

அம்மாவின் சுகர் ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை வெறும் வயிற்றில் போடுகிறாளாம், தம்பி சொன்னான். சாப்பாட்டோடு போடச் சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்க மாட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்