லண்டனில் முன்பே வீடு வாங்கிக் குடியேறிவிட்ட அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன சனிக்கிழமை குராய்டனில் நம் தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு தம்பி போனை நீட்டியபடி நின்றது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அவனும் மனைவியும் முதன்முதலாக வாங்கப்போகும் வீட்டின் கட்டடக் குறைகளைச் சோதித்து எழுதிய சர்வே ரிப்போர்ட் அன்று காலைதான் வந்திருந்தது. எழுபது பக்கத்துக்கு மேல். அதில் ஒன்பது இடங்களில் சிவப்புக் கட்டத்துக்குள் 3 என்ற எண், அதாவது பெரிய குறை அல்லது உடனே விசாரிக்க வேண்டியது. "ஓடிடு தம்பி, அந்த வீடே வேண்டாம்" என்றார் நம்மில் ஒருவர். "அவங்க அப்படித்தான் பயமுறுத்தி எழுதுவாங்க. நான் சர்வேயே எடுக்காமத்தான் வாங்கினேன், இருபது வருஷமா நிக்குதே" என்றார் இன்னொருவர். நான் ஒன்றும் சொல்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்படிக் கிளம்பியது தவறு என்று வாரம் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

ஊரில் சர்வே என்றால் நிலத்தை அளப்பது. சர்வே எண், பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருந்தால் வீடும் சரி என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். என் அப்பா போனில் கேட்ட முதல் கேள்வியே "பத்திரம் கிளியரா இருக்கா?" என்பதுதான். இங்கே பத்திரத்தை நம் வக்கீலான சொலிசிட்டர் பார்த்துக்கொள்வார். கூரையையும் சுவரையும் நமக்காகப் பார்க்க, நாமே காசு கொடுத்து ஆள் வைத்தால்தான் உண்டு. வங்கி செய்யும் வேல்யுவேஷன் வங்கிக்கானது. கொடுக்கிற கடனுக்கு வீடு ஈடாகுமா என்பதோடு அது முடிந்துவிடும், சில நேரம் வீட்டு வாசலை யாரும் மிதிக்காமலேயே. ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பரிலிருந்து விற்பவரே ஆய்வறிக்கையோடுதான் வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும். இங்கிலாந்தில் அப்படி இல்லை. குறையைக் கண்டுபிடிக்கும் பாரம் வாங்குகிறவர் தலையில்தான்.

நாங்கள் வீடு வாங்கியபோது எங்கள் ரிப்போர்ட்டில் பதினொரு சிவப்பு. 1900களின் தொடக்கத்தில் கட்டிய வரிசை வீடு. இரண்டு இரவு தூங்கவில்லை. மூன்றாம் நாள் அலுவலகத்தில் ஒரு தோழி, "அந்த சர்வேயருக்கே போன் பண்ணேன்" என்றாள். அப்படிப் பண்ணலாம் என்றே எனக்குத் தெரியாது. அரை மணி நேரம் பேசினார். பதினொன்றில் பல, அவர் கண்ணால் பார்க்க முடியாததால் விழுந்தவை. சர்வேயர் கம்பளத்தைக் கிழிப்பதில்லை, தரைப்பலகையைப் பெயர்ப்பதில்லை. வயரிங்கைச் சோதித்த சான்றிதழ் கையில் இல்லையென்றால், வயர் நன்றாகவே இருந்தாலும் 3 போட்டுவிடுவார். கேஸ் பாய்லருக்கும் அதே கதை. "மேற்கொண்டு விசாரிக்கவும்" என்பதற்குப் பெரும்பாலும் "எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவரைக் கேளுங்கள்" என்றே பொருள். கடைசியில் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது ஒன்றைத்தான்: "புகைபோக்கியை மட்டும் விட்டுவிடாதீர்கள்."

கீழே சமையலறையிலும் மேலே பின்பக்கப் படுக்கையறையிலும் கணப்பை (குளிர்காய நெருப்பு மூட்டும் அடுப்பை)ச் சுற்றியிருந்த செங்கல் கட்டுமானத்தை எப்போதோ யாரோ இடித்து அறையை அகலமாக்கியிருந்தார்கள். கூரைக்கு மேலே புகைபோக்கி அப்படியே நின்றது. கட்டடத்தின் பலத்தைச் சோதிக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரோடு நானும் கூரைக்கு அடியிலுள்ள லாஃப்டில் ஏறினேன். டார்ச் வெளிச்சத்தில் புகைக்கரி படிந்த செங்கற்கள் வரிசையாக இறங்கி வந்து, பாதியில் நின்றன. அடியில் தாங்கியிருந்தது இரண்டு மரச்சட்டம். இரும்பு உத்தரம் எதுவும் இல்லை. செங்கல் கட்டுமானம் கன மீட்டருக்கு ஏறக்குறைய 2 டன் கனம் என்றார் இன்ஜினியர். அதற்கு நேர் கீழேதான் மகளின் கட்டிலைப் போடலாம் என்று நாங்கள் அளந்து வைத்திருந்தோம்.

அப்படி இடித்ததற்குக் கவுன்சில் அனுமதிச் சான்று இல்லை. "இன்டெம்னிட்டி பாலிசி ஒன்று போட்டுவிடலாம், நிறைய பேர் அப்படித்தான்" என்றார் எஸ்டேட் ஏஜென்ட். தயவுசெய்து இதை நம் பிள்ளைகளுக்கு விளங்கச் சொல்லுங்கள். அனுமதியில்லாமல் செய்த வேலைக்காகப் பின்னால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் செலவுக்குத்தான் அந்த பாலிசி. செங்கல்லை அது தாங்காது. அதோடு, நாம் முந்திக்கொண்டு கவுன்சிலில் விசாரித்துவிட்டால் பாலிசி கிடைக்காமலே போகலாம். எதுவானாலும் முதலில் சொலிசிட்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

1980-இல் நார்விச் நகரில் ஒரு பெண் 18,000 பவுண்டுக்கு ஒரு சின்ன வீடு வாங்கினார். கடன் கொடுத்த சங்கத்தின் வேல்யுவேஷன் அறிக்கை முக்கியமான பழுது எதுவும் இல்லை என்றது. அதை நம்பினார். அங்கேயும் கணப்புக் கட்டுமானத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். மேலே தாங்கல் இருக்கிறதா என்று அறிக்கை எழுதியவர் பார்க்கவில்லை. ஒன்றரை வருடத்தில் புகைபோக்கிச் செங்கல் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்தது. மதிப்பிட்டவர் அவருக்குப் பொறுப்பாளிதான் என்ற தீர்ப்பு, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையிலிருந்து 1989-இல் வந்தது. சட்டம் அவர் பக்கம் நின்றது, உண்மைதான். ஆனால் எத்தனை வருடம் கழித்து!

எங்கள் வீட்டில் இரும்பு உத்தரம் போட ஆகும் செலவை எழுத்தில் வாங்கி, அந்த அளவுக்கு விலையைக் குறைக்கக் கேட்டோம். கேட்பதற்கு முன் நான் பட்ட தயக்கத்தைச் சொல்லியே ஆகவேண்டும். ஆஃபர் கொடுத்துவிட்டோமே, வாக்கு மாறுவதாகாதா என்று மனம் அடித்துக்கொண்டது. நம் வளர்ப்பு அப்படி. ஆனால் இங்கே எக்ஸ்சேஞ்ச், அதாவது ஒப்பந்தப் பரிமாற்றம், ஆகும்வரை இரண்டு பக்கமும் கட்டுப்படவில்லை. வீட்டைப் பற்றித் தெரிந்ததை வைத்து ஒரு விலை சொன்னோம், இப்போது கூடுதலாகத் தெரிகிறது. அதைச் சொல்வதில் வாக்குத் தவறுவது எங்கே இருக்கிறது? விற்பவர் முதலில் மறுத்தார். மூன்று வாரம் கழித்துப் பெரும்பகுதியைக் குறைத்துக்கொண்டார்.

ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், பற்றி மட்டும் இன்னொன்று. பழைய வீட்டுச் சுவரில் ஊசிக் கருவியை வைத்தால் பெரும்பாலும் கத்தத்தான் செய்யும். அது மரத்தின் ஈரத்தை அளக்க அமைந்த கருவி, பூச்சில் உப்பு இருந்தாலும் கத்தும். இலவசமாக வந்து பார்த்து, சுவரில் ஓட்டை போட்டு மருந்து ஏற்றுகிறோம் என்பவரிடம் போவதற்கு முன், விற்க எதுவும் இல்லாத ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் காரணம் கொல்லைப்பக்கம் கிடந்தது. பின்னால் பதித்த கல்தளம் காற்றுத் துளைச் செங்கற்களை மூடி, ஓதம் ஏறாமல் தடுக்கச் சுவரில் வைத்திருந்த அடுக்கையும் தாண்டி உயர்ந்திருந்தது. வெளித்தரை அந்த அடுக்குக்கு 150 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். தோண்டி எடுத்தோம். உள்ளே இருந்த சிமெண்ட் பூச்சையும் உரித்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம். காரை வீட்டில் வளர்ந்த என் அம்மாவுக்கு அதை விளக்கவே தேவைப்படவில்லை.

ஓடத்தான் வேண்டிய வீடுகளும் உண்டு. களிமண் நிலத்தில் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் சுவர், இன்சூரன்ஸ் கொடுக்கவே மறுக்கும் வீடு, இன்ஜினியரை உள்ளே விட மறுக்கும் விற்பனையாளர். அப்போது சர்வேக்கும் சொலிசிட்டருக்கும் கொடுத்த காசு போகட்டும் என்று சொல்லும் முதல் ஆளாக நாம் இருப்போம். எது அந்த வீடு என்பதை மட்டும் பள்ளி வாசலில் நின்று நாம் முடிவு செய்ய வேண்டாம்.

நேற்று அந்தத் தம்பிக்கு போன் செய்தேன். இன்னும் ஆஃபரைத் திரும்ப வாங்கவில்லை. திங்கட்கிழமை மாலை சர்வேயரோடு பேச நேரம் வாங்கியிருக்கிறான், கேள்விகளை இருவருமாக எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த சனிக்கிழமை வருவான். அவனிடம் முதலில் "சர்வேயர் என்ன சொன்னார்?" என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி