ஒன்றரை லட்ச ரூபாய்ப் பெயர்

பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததை அறிந்து மனம் நிம்மதியடைந்தது.

மீன் வியாபாரத்துக்கான டொமைன் பெயருக்கு, அதாவது இணையதள முகவரிக்கு, தரகர் ஒன்றரை லட்சம் கேட்பதாகவும், மதிப்பீட்டுத் தளம் ஒன்று இரண்டு லட்சம் காட்டுவதாகவும் எழுதியிருந்தாய். அந்தத் தொகையை நம்பி இறங்கிவிடாதே. எழுத்துகளின் எண்ணிக்கை, ஒத்த பெயர்கள் விற்ற விலை போன்றவற்றை வைத்துப் போடுகிற கணக்கு அது. காசிமேட்டில் அந்தப் பெயர் யாருக்குத் தேவை என்பது அதற்குத் தெரியாது. 2019-இல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்கு விலைபோனது உண்மைதான். ஆனால் வாங்கிய நிறுவனம் அதே பெயரில் சமூக வலைத்தளம் தொடங்கவிருந்தது. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்குப் பக்கத்துக் கடை காலியானால், அந்த முதலாளி கொடுக்கத் துணிகிற குட்வில்லை வேறு எவரும் கொடுப்பதில்லை அல்லவா?

நேற்றிரவு அந்தப் பெயரின் பதிவு விவரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு ஆண்டுப் பழமை என்று தரகர் சொன்னது 2021-இல்தான் பதிவாகியிருக்கிறது. முந்தைய உரிமையாளர் புதுப்பிக்காமல் விட்டதை வேறொருவர் எடுத்திருக்கிறார். இணையத்தின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்த முகவரியைத் திறந்தால், உரிமை மாறிய பிறகு பல மாதங்கள் சூதாட்ட விளம்பரங்கள் ஓடியிருக்கின்றன. அந்தக் கறை ஒட்டியிருந்தால், நாளை அந்த முகவரியிலிருந்து நீ மின்னஞ்சலில் அனுப்பும் பில்கூட வாடிக்கையாளரின் ஸ்பேமில் போய் விழலாம்.

இன்னொன்று, ஏலக் கூடத்தின் இரைச்சலுக்கு நடுவே கைபேசியில் இந்தப் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் எப்படி எழுதுவார்? 'மீன்' என்பதை ஆங்கிலத்தில் இரண்டு 'இ' போட்டு எழுதுவாரும் உண்டு, ஒரே 'ஐ' போடுவாரும் உண்டு. போதாக்குறைக்கு நடுவில் ஒரு கோடு வேறு. வேறொரு நிறுவனத்தின் பெயரோடு இது ஒத்துப்போகிறதா என்பதையும் பார்க்கவேண்டும், ஏனெனில் வணிகக்குறிக்குரிய பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் உண்டென்று உச்ச நீதிமன்றம் 2004-இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

கடைப் பலகையில் இத்தனை காலமாக இருக்கும் உன் அப்பாவின் பெயர், டாட் இன் முகவரியில் இன்று காலைவரை யாராலும் எடுக்கப்படவில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்தான் ஆகும். சம்மதமென்றால் உடனே சொல். உன் பெயரிலும் உன் மின்னஞ்சலிலுமே பதிந்து தருகிறேன். வெப்சைட் செய்து கொடுத்தவர் பெயரில் பதியவிட்டு, பிறகு மீட்க முடியாமல் நான் ஒரு வருடம் அலைந்திருக்கிறேன்.

அன்புடன்,
குமரன்