வீடு போன பிறகு எங்களுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

போன வாரம் என் கடன் வரலாற்றைச் சொல்லும் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். அமெரிக்காவில் அதைத் தயாரிக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்று நிறுவனங்களிலும் அந்த ஃபோர்க்ளோஷர் (தவணை கட்டாமல் வீடு ஏலம் போனது) வரி இல்லை. கொஞ்ச நேரம் மேலும் கீழும் தேடிவிட்டுத்தான் நம்பினேன். உங்களில் பாதிப் பேருக்குப் பெயர் போட்டால் பிடிக்காது, அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன், படித்தால் உங்களுக்கே புரியும்.

முதலில் ஆலோசகர் அம்மா. ஹட் என்ற மத்திய வீட்டுவசதித் துறையின் அங்கீகாரம் பெற்ற மையம் என்று யாரோ சொல்லி உங்களிடம் வந்த அன்று, 'ஃபோர்க்ளோஷரை அழித்துத் தருகிறோம்' என்ற ஒரு கம்பெனிக்கு எழுதிய செக் என் சட்டைப்பையில் இருந்தது. வேலையை முடிக்காமல் முன்பணம் வாங்குவதே 1996-ல் வந்த மத்தியச் சட்டப்படி தப்பு, உண்மையாக நடந்ததை யாராலும் அழிக்க முடியாது, முதல் தவணை தவறிய நாளிலிருந்து 7 வருஷம் அது கிடக்கத்தான் செய்யும் என்று முகத்துக்கு நேரே சொன்னீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் செக்கைக் கிழித்துப் போட்டேன்.

உண்மையை அழிக்க முடியாது, சரி, தப்பாக ஏறியிருப்பதை? அதைக் கண்டுபிடித்தது ஒரு நண்பர்தான். மஞ்சள் மார்க்கர் பேனாவோடு எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்து, வீடு ஏலம் போன பிறகும் மாதாமாதம் தவணை தவறியதாகப் பதிவாகிக்கொண்டே இருப்பதைக் காட்டினார். ஏலம் முடிந்ததற்கான காகிதத்தோடு அந்த ரிப்போர்ட் நிறுவனங்களுக்குக் கடிதத்தை ஒப்புகையுடன் பதிவுத் தபாலில் போடச் சொன்னதும் அவர்தான். கடிதம் போய்ச் சேர்ந்ததைச் சொல்லும் அந்தப் பச்சை அட்டை தபாலில் திரும்பி வந்தது. இந்த நாட்டில் நான் ஆசையாகக் காத்திருந்த இரண்டாவது பச்சை அட்டை அது! விசாரிக்க அவர்களுக்குப் பொதுவாக 30 நாள் கெடு, அதற்குள் அந்தப் பதிவுகள் போயின.

கிரெடிட் யூனியன் என்ற கூட்டுறவு வங்கியின் கவுண்டரில் இருந்த தம்பிக்கும் நன்றி. 541 என்ற என் மோசமான கிரெடிட் ஸ்கோரைப் பார்த்தும் முகம் மாறாமல், 300 டாலர் டெபாசிட் வாங்கிக்கொண்டு அதே 300 லிமிட்டில் ஒரு செக்யூர்டு கார்டு, அதாவது டெபாசிட்டை ஈடாக வைத்துத் தரும் கிரெடிட் கார்டு, கொடுத்தார்.

அப்புறம் ஆபீஸ் நண்பர். மாதம் 270 டாலர் செலவழித்து முழுசாகக் கட்டியும் ஸ்கோர் நகரவில்லையே என்று புலம்பியபோது, "பில் போடுகிற நாளில் பாக்கி எவ்வளவோ அதுதான் ரிப்போர்ட்டுக்குப் போகும், அதற்கு முன்னாடியே கட்டிவிடு" என்றார். ஃபைகோ என்ற கிரெடிட் ஸ்கோரில் 35% ஒழுங்காகக் கட்டுவதற்கு, 30% எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறோம் என்பதற்கு என்று நாப்கினில் எழுதிக் காட்டினார். இவ்வளவு சின்ன விஷயத்தை ஒரு வங்கிக்காரரும் அதுவரை எனக்குச் சொன்னதில்லை.

எங்களுக்கு வாடகைக்கு வீடு விட்ட பெரியவரே, நீங்கள் ஸ்கோரை ஓரமாக வைத்துவிட்டுக் கரண்ட் பில் கட்டிய ரசீதுகளைக் கேட்டீர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறாமல் படித்தது உங்களால்தான்.

எஃப்எச்ஏ கடன், அதாவது மத்திய அரசு காப்பீடு உள்ள வீட்டுக் கடன், என்றால் வீடு போன 3 வருஷத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்தபோது நான் குதித்தேன். கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேராமல் அந்தப் பேச்சே வேண்டாம் என்று நிறுத்தியது என் மனைவி. அவளுக்கு நன்றியை வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியாக அக்காவுக்கும் அத்தானுக்கும். பல வருஷமாக ஒரு தவணைகூடத் தவறாத உங்கள் பழைய கிரெடிட் கார்டில் என் பெயரையும் சேர்த்தீர்கள், அந்த நல்ல வரலாறு என் ரிப்போர்ட்டிலும் ஏறியது. என் பெயர் போட்டு வந்த கார்டை மட்டும் கடைசிவரை என் கண்ணில் காட்டவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான். அத்தான், இப்போது ஸ்கோர் 718. இனி என் பெயரை எடுத்துவிடலாம், என் பெயர் போட்ட அந்தக் கார்டையும் அலமாரியிலிருந்து எடுத்து வெட்டிப் போட்டுவிடுங்கள்.