கல்கத்தாவுக்கு இரண்டே நாள்

அன்பு மகள் மீனாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. இருமல் மருந்தின் மேல் வைத்த பற்றுதான் இன்னும் விடவில்லை.

மாப்பிள்ளை அனுப்பிய அட்டவணையைப் பார்த்தோம். பொங்கல் கழிந்து வரும் சனி, ஞாயிறு இரண்டு நாளில் கல்கத்தாவில் பதினான்கு இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை நிமிடம் என்பதுவரை கட்டம் கட்டி எழுதியிருக்கிறார். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். "எங்கள் வங்கிக்கு வந்த தணிக்கைக்காரர்கள்கூட இவ்வளவு கறாராக இருந்ததில்லை" என்றார். இதை மாப்பிள்ளையிடம் சொல்லிவைக்காதே. பாவம், அக்கறையாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் அதன்படி போனால் பாப்பாவுக்கு நினைவில் நிற்கப்போவது டாக்சியின் முன்சீட்டு முதுகு மட்டும்தான்.

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருந்தாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பாப்பா பிடுங்கிக்கொள்வாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த ஊரில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வேளை உண்டு. மாப்பிள்ளை பூச்சந்தையைப் பகல் பதினொரு மணிக்கு வைத்திருக்கிறார்; அப்போது மிச்சம் இருப்பது வாடிய தழையும் சேறும்தான். காலேஜ் தெருவை ஞாயிற்றுக்கிழமையில் போட்டிருக்கிறார்; அன்றைக்குப் புத்தகக் கடைகளில் பெரும்பாலானவை பூட்டித்தான் கிடக்கும். எந்த இடம் எங்கே இருக்கிறது என்று வரைபடம் சொல்லிவிடும். எந்த இடம் எப்போது உயிரோடு இருக்கும் என்பதை அங்கே குடியிருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். அதைத்தான் சொல்கிறேன்.

வெள்ளி இரவே போய் இறங்கிவிடுங்கள். சனி அதிகாலை விமானம் மலிவு என்று அவர் குறித்திருக்கிறார். ஜனவரியில் அங்கே விடியற்காலைப் பனிமூட்டம் இருக்கும். விமானம் தாமதமானால் இரண்டு நாளில் ஒன்று அங்கேயே கரைந்துவிடும். தங்குவதற்கு எஸ்பிளனேடு அல்லது பார்க் தெருப் பக்கம் பாருங்கள். அறை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. இந்தியாவின் முதல் மெட்ரோ 1984இல் ஓடத் தொடங்கியது அந்த எஸ்பிளனேடிலிருந்துதான். நீங்கள் போக வேண்டிய இடங்களில் பாதிக்கு மேல் அந்தப் பழைய வடக்கு–தெற்குத் தடத்திலேயே இருக்கின்றன. ஆற்றுக்கு அடியில் போகும் புதிய தடமும் அங்கேதான் வந்து சேர்கிறது.

சனிக்கிழமை ஆற்றுக்கு உரியது. பாப்பாவை ஐந்தரைக்கு எழுப்பிவிடு, அழுதால் அழட்டும். அங்கே சூரியன் நம்மைவிட முன்னதாக எழுந்து முன்னதாகவே படுத்துவிடும். ஸ்வெட்டர், குல்லா எல்லாம் வேண்டும். விடியற்காலையில் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிதான் இருக்கும். டாக்சி பிடித்து மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போங்கள். ஹௌரா பாலத்தின் கிழக்குக் காலடியில் இருக்கிறது. செவ்வந்திச் சரங்களை மலைப்பாம்புபோலச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஆட்கள் ஓடி வருவார்கள், வழிவிட்டு நில். நம் பக்கத்துப் பூக்கடைகளில் இருக்கும் மல்லிகை வாசனையை அங்கே எதிர்பார்க்காதே. அங்கே செவ்வந்தியின் ஆட்சிதான். தரை ஈரமாக வழுக்கும். பாப்பாவுக்கு அந்த வெள்ளை ஷூ வேண்டாம்.

சந்தையிலிருந்து படியேறினால் பாலம். நடந்தே கடக்க வேண்டும்; இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. திருகாணியும் மரையும் இல்லாமல், அறையாணி அடித்தே அவ்வளவு எஃகையும் கோத்திருக்கிறார்கள். 1943இல், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயம் இருந்த காலத்தில், விழா எதுவும் இல்லாமல் திறந்தார்கள். அப்பேர்ப்பட்ட பாலத்தின் கால்களை அரித்தது எது தெரியுமா? வெற்றிலை பாக்கு எச்சில். போவோர் வருவோர் துப்பித் துப்பி எஃகு கரைய ஆரம்பித்து, கடைசியில் அடிப்பகுதிக்குக் கண்ணாடி இழையில் உறை போட்டார்கள். மாப்பிள்ளை பொறியாளர்தானே, அவரிடம் சொல், ரசிப்பார். அங்கே படம் எடுக்கும்போது போலீஸ்காரர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வாதாடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

அக்கரையில் ஹௌரா ரயில் நிலையம். சிவப்புச் செங்கல் கட்டடம், 1905இல் கட்டியது. உள்ளே 'பொரோ கோரி' என்று ஒரு பெரிய கடிகாரம் தொங்கும். அதன் அடியில் சந்திக்கலாம் என்று சொல்லிவைத்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம். சென்னையிலிருந்து ஹௌரா மெயிலில் ஒரு பகல் ஓர் இரவு தாண்டிப் பயணம் செய்து, புதுத் தாலியும் இரண்டு டிரங்குப் பெட்டியுமாக நான் இறங்கியது அங்கேதான். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும், இந்த மனிதர் என்னைத் தொலைத்துவிடுவார் என்றே நினைத்தேன். உன் அப்பா என்னைத் தொலைக்கவில்லை, ஒரு பெட்டியைத்தான் தொலைத்தார். அது வேறு கதை.

திரும்பும்போது மெட்ரோ. ஹௌரா மெட்ரோ நிலையம் தரைக்குக் கீழே ரொம்ப ஆழத்தில் இருக்கிறது. நகரும் படிக்கட்டில் இறங்கி இறங்கிப் பாப்பாவுக்கு அலுத்துவிடும். 2024 மார்ச்சில்தான் அந்தப் பாதையைத் திறந்தார்கள். ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் அரைக் கிலோமீட்டர்போலச் சுரங்கம். ஆற்றுக்குக் கீழே போகும்போது சுவரில் நீல விளக்கு தெரியும்; ஒரு நிமிடம்கூட இருக்காது. ஜன்னல் பக்கம் நிறுத்தி முன்கூட்டியே சொல்லிவை.

அறைக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் படுங்கள். பதினொரு மணிக்கு மேல் மகாத்மா காந்தி ரோடு நிலையத்தில் இறங்கிக் காலேஜ் தெரு. நடைபாதை முழுவதும் புத்தகம்தான். விலை கேட்டு, முகத்தைச் சுளித்து, இரண்டடி நட, கூப்பிடுவார்கள். அங்கே இருக்கும் காபி ஹவுஸ் மாப்பிள்ளையின் அட்டவணையில் 'காபி, 20 நிமிடம்' என்று இருக்கிறது. காபிக்காக அங்கே போகாதீர்கள். டிகாக்‌ஷன் குடித்து வளர்ந்த நமக்கு அது காபியே அல்ல. உயரமான கூரை, சுழலும் விசிறிகள், தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள், ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு உலகத்தையே திருத்தும் கிழவர்கள் — அதற்காகப் போங்கள். இருபது நிமிடத்தில் ஆர்டர் எடுக்கவே வர மாட்டார்கள். மாடிப் பால்கனியில் இடம் கிடைத்தால் விடாதே.

மூன்று மணிக்குள் மறுபடியும் மெட்ரோ ஏறி, இரண்டு நிறுத்தம் தள்ளி சோபாபஜாரில் இறங்கினால் குமார்துலி. குயவர் தெரு. துர்க்கை சிலைகள் செய்யும் இடம் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் போகும்போது துர்க்கை இருக்க மாட்டாள். அங்கே சரஸ்வதி பூஜை பொங்கலுக்குப் பிறகு வசந்த பஞ்சமியில் வரும். ஆகவே சந்து முழுக்கச் சரஸ்வதிகள் நிற்பார்கள். வைக்கோல் கட்டிய எலும்புக்கூடாக ஒருத்தி, களிமண் பூசிய தலையில்லாத ஒருத்தி, வண்ணத்துக்குக் காத்திருக்கும் ஒருத்தி. முடிந்த சிலையைவிடப் பாதிச் சிலைதான் அழகு. வேலை செய்பவர்களின் கைக்குறுக்கே போய்ப் படம் எடுக்க வேண்டாம், கேட்டால் தலையசைப்பார்கள்.

அங்கிருந்து பக்கத்தில் அகிரிடோலா படித்துறை. நாலரைக்கெல்லாம் போய்விடுங்கள், ஐந்தே காலுக்குள் வெளிச்சம் போய்விடும். ஹௌராவுக்குப் போகும் படகில் ஏறினால், காலையில் நடந்த அதே பாலத்துக்கு அடியில் போகலாம். அன்று ஒரே நாளில் பாப்பா அந்த ஆற்றை மேலே நடந்தும், கீழே ரயிலிலும், நடுவே படகிலும் கடந்திருப்பாள். கட்டணம் எல்லாம் சேர்த்தாலும் பெங்களூரில் நீங்கள் வாங்கும் ஒரு ஐஸ்கிரீம் விலை வராது. கடைசிப் படகு எப்போது என்று படித்துறையிலேயே கேட்டுக்கொள். சங்கராந்திக்குக் கங்காசாகரில் நீராடப் போய்த் திரும்பும் கூட்டம் அந்த வாரம் முழுக்க ஹௌராவிலும் பாபுகாட்டிலும் இருக்கும். பாப்பாவின் கையை விடாதே.

ஞாயிறு நிதானமாக இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு மட்டும் தூக்கம் கலைந்தால், விடியற்காலையில் டிரெட்டா பஜாருக்குப் போய்ச் சீனக் காலை உணவு சாப்பிட்டு வரட்டும். அங்கே தலைமுறைகளாக இருக்கும் சீனர்கள் ஆவியில் வேகவைத்து விற்பார்கள். எட்டு மணி தாண்டினால் ஒன்றும் மிஞ்சாது. அதில் என்னென்ன இருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை. உன் அப்பா போய் வந்த ஞாயிறுகளில் குளித்த பிறகுதான் அடுக்களைக்குள் விடுவேன்.

நீயும் பாப்பாவும் மைதானத்தில் நடந்து விக்டோரியா நினைவகத்துக்கு வாருங்கள். தாஜ்மகாலுக்குக் கல் எடுத்த அதே மக்ரானாவிலிருந்து வந்த வெள்ளைக்கல். தோட்டத்தில் உட்கார்ந்து வெளியிலிருந்து பார்த்தால் போதும். உள்ளே இருப்பதெல்லாம் லாட் துரைகளும் அவர்கள் குதிரைகளும்தான். அந்த நேரத்தை இந்தியன் மியூசியத்துக்குக் கொடுங்கள். 1814இல் தொடங்கியது, நம் நாட்டிலேயே பழமையானது. பாப்பாவுக்கு எகிப்து மம்மியும் பெரிய மிருக எலும்புக்கூடுகளும், உனக்குப் பார்ஹுத் பௌத்த ஸ்தூபியின் கல்வேலியும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்லில் யானையும் குரங்கும் சிரிப்பு மூட்டும். நல்லவேளை ஞாயிறு போகிறீர்கள். திங்கள் என்றால் மியூசியம் பூட்டு.

கோயிலே இல்லாத பயணத்தை அம்மாவா சொல்கிறாள் என்று நீ நினைப்பாய். தட்சிணேசுவரமும் பேலூர் மடமும் அவசரமாகப் பார்ப்பதற்கில்லை. பகலில் நடை சாத்துவார்கள், வரிசை நீளம், அரை நாள் போய்விடும். காளிகாட்டில் தரகர் தொல்லை, குழந்தையோடு வேண்டாம். ஜோராசாங்கோவில் தாகூர் வீட்டைப் பாப்பா பெரியவளானதும் பார்க்கட்டும். மார்பிள் பேலஸுக்கு முன்அனுமதிக் கடிதம் வேண்டும். தாவரவியல் தோட்டத்து ஆலமரம் மட்டும்தான் எனக்கு மனத்தாங்கல். ஆனால் அது அக்கரையில், சிப்பூரில் இருக்கிறது. அட்டவணையிலிருந்து அடித்துவிடு.

டிராம் பற்றிக் கேட்டாயே. 1873இல் குதிரை இழுத்துத் தொடங்கிய வண்டி; நாங்கள் இருந்தபோது காய்கறி வாங்கக்கூட அதில்தான் போவோம். இப்போது பெரும்பாலான தடங்களை மூடிவிட்டார்கள். எஸ்பிளனேடில் விசாரித்து, எது ஓடுகிறதோ அதில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். கை ரிக்‌ஷா கண்ணில் பட்டால் பாப்பாவை ஏற்றிப் படம் எடுக்க வேண்டாம். போக வேண்டிய இடத்துக்குச் சவாரி போவது அந்த மனிதருக்குக் கூலி. ஏறி உட்கார்ந்து படம் எடுத்துவிட்டு இறங்குவது என்ன வகை என்று எனக்குத் தெரியவில்லை.

மதியத்துக்குமேல் காளிகாட் நிலையத்தில் இறங்கி லேக் மார்க்கெட். நாங்கள் குடியிருந்த சந்து அந்தப் பக்கம்தான். கறிவேப்பிலை, முருங்கைக்காய், அப்பளம் எல்லாம் அங்கே கிடைக்கும். அந்தப் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் காலங்காலமாக இருக்கின்றன. வீட்டைத் தேடிக்கொண்டு அலையாதே, அதை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள் என்று கேள்வி. நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, ஏரிக்கரையில் சற்று உட்கார்ந்துவிட்டு, நான்கு மணிநேரம் கையில் வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குக் கிளம்புங்கள்.

சாப்பாட்டு விஷயம் மாப்பிள்ளைக்கு: அங்கே பிரியாணியில் முழு உருளைக்கிழங்கு வரும், தவறிப் போட்டுவிட்டார்கள் என்று திருப்பி அனுப்ப வேண்டாம். உனக்கும் பாப்பாவுக்கும் காலையில் லுச்சி என்ற மைதாப் பூரியும், ஆலூர் தம் என்ற உருளைக்கிழங்குக் கறியும். தெருவில் புச்கா (நம் பானிபூரிதான்) தின்பதை நான் தடுக்கவில்லை. தண்ணீர் யார் கையில் என்று மட்டும் பார். டீயை மண் குவளையில் கேள்.

இனிப்பில் ரசகுல்லாவை இந்த முறை விட்டுவிடு. அது ஆண்டு முழுக்கக் கிடைக்கும். குளிர்காலத்தில் மட்டும் ஈச்சமரத்துச் சாற்றைக் காய்ச்சி 'நொலேன் குர்' என்று ஒரு வெல்லம் வரும். புகை வாசனையோடு இருக்கும். பதநீர் குடித்து வளர்ந்த நமக்கு ஒரு வாய் வைத்ததுமே உறவு தெரிந்துவிடும். அதில் செய்த சந்தேஷ் என்ற பால் இனிப்பை அங்கேயே சாப்பிடுங்கள், பொட்டலம் கட்டி எடுத்துவந்தால் மறுநாளே புளிக்கும். எனக்கு 'பாடாலி' என்று கேட்டுக் கட்டி வெல்லமாக ஒரு கிலோ வாங்கி வா. பாகாக இருப்பதைக் கைப்பையில் விமானத்தில் விட மாட்டார்கள். அழுத்திப் பார்த்தால் விரல் லேசாகப் பதிய வேண்டும். கல்போல இருந்தால் சர்க்கரை கலந்தது, வேண்டாம் என்று வைத்துவிடு. அப்பா இரண்டு கிலோ வாங்கச் சொல்லி உனக்குத் தனியாக போன் செய்வார். அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு என்னிடம் இருக்கிறது. ஒரு கிலோ போதும்.

அன்புடன்,
அம்மா