கோடு கற்றுத்தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் அறிவித்தல் பலகையில் இந்த மாதம் என் கேலிச்சித்திரம் ஒன்று ஒட்டியிருக்கிறது. தண்ணீர்த் தாங்கி கழுவும் நாளைப் படமாகவே அறிவித்தால் என்ன என்று செயலாளர் கேட்டார், வரைந்து கொடுத்தேன். அதில் வாளியோடு வரும் கிழவர் உண்மையாகவே பாரம் சுமக்கிறார். அந்தப் பாரம் கோட்டில் இறங்கியதற்கு நீங்கள் எல்லோரும்தான் காரணம். அதைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும் என்று மனம் நிறைந்து இதை எழுதுகிறேன்.

முதலில், ஓய்வுபெற்ற எங்கள் சித்திர ரீச்சர். கார்ட்டூன் பழக வந்த என்னை முகம் வரைகிற பக்கமே அவர் போகவிடவில்லை. நிற்கிறவரின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, அந்தப் பக்க இடுப்பு எப்படி எழும்புகிறது, தோள் எப்படித் தாழ்கிறது என்று பார்க்க வைத்தார். வாளி வலக்கையில் என்றால் உடம்பு இடப்பக்கம் சாயும், இடக்கை விலகி நிற்கும். வளர்ந்த ஒருவரின் உயரம் ஏறக்குறைய 7½ தலை. கார்ட்டூனில் அதை 3 தலைக்கும் சுருக்கலாம். பாரம் விழும் இடத்தை மட்டும் மாற்றக்கூடாது என்பார்.

வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டும் அண்ணைக்கு என் கைகள் இரண்டையும் கூப்புகிறேன். விரல்களை நான் கற்றது அவரிடம். "தம்பி, இந்தப் பக்கம் வந்து நில்லுங்கோ, அங்கால நிண்டால் பெருவிரல் தெரியாது" என்று அவரே இடம் காட்டினார். பெருவிரலின் இடத்தை முதலில் குறித்துவிட்டால் மற்ற நாலும் அதற்கேற்ப அடங்கிவிடும் என்பது அங்கேதான் பிடிபட்டது. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸுக்குக் காத்து நின்ற முகம் தெரியாத எத்தனையோ பேருக்கும் நன்றி. பஸ் வந்தால் ஆள் போய்விடுவார். ஆகவே முகத்தை விட்டுவிட்டு முதுகின் வளைவைப் பிடிக்கப் பழகினேன்.

கொட்டாஞ்சேனையில் பெயர்ப்பலகை எழுதிய ஐயாவைப் பற்றி நிறையச் சொல்லலாம். மும்மொழியையும் ஒரே பலகையில் எழுதிய கை அது. படத்தை முடித்துவிட்டு, வசனம் எழுதும் பேச்சுக்குமிழுக்கு இடம் தேடுகிற பழக்கத்தை அவர் அடியோடு மாற்றினார். 'வந்துகொண்டிருக்கிறார்களாம்' என்பது தமிழில் ஒரே சொல். அதை நினைத்த இடத்தில் உடைக்க முடியாது. 'கீ'யின் கொக்கி மேலே ஏறும், 'கு' கீழே இறங்கும், வரிகளுக்கிடையில் அதற்கும் இடம் வேண்டும். ஆகவே முதலில் எழுத்து, அதைச் சுற்றிக் குமிழ், மிஞ்சிய இடத்தில்தான் ஆட்கள். தமிழில் கார்ட்டூன் போட விரும்பும் எவருக்கும் நான் முதலில் சொல்லுவது இதைத்தான்.

புறக்கோட்டை மலிபன் வீதியில், வாங்குமுன் பேனாமுனையை மையில் தோய்த்துத் தாளில் கீறிப் பார்க்கவிட்ட கடைக்காரருக்கும் நன்றி. மை ஊறிப் பரவாத தாளைத் தெரிந்தெடுக்கக் கற்றது அங்கேதான்.

கொழும்பிலே 1963இல் தொடங்கிய சிரித்திரன் என்ற நகைச்சுவைச் சஞ்சிகையின் பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்து இணையத்தில் எல்லோரும் வாசிக்க வைத்திருக்கும் நூலக நிறுவனத்தாருக்கு நான் கடன்பட்டவன். ஒரு பாத்திரத்தை இதழுக்கு இதழ் அதே ஆளாக உலவவிடுவது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதைச் அதன் ஆசிரியர் சுந்தர் வரைந்த சவாரித்தம்பர் கார்ட்டூனைப் பார்த்து அறிந்தேன். அலுவலகத்துச் சிங்களத் தோழி, தன் தந்தையார் வெட்டிவைத்திருந்த கொலெட், விஜேசோம ஆகிய இலங்கைக் கேலிச்சித்திரக்காரர்களின் படங்களைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றின் பின்னாலிருந்த அரசியலையும் பொறுமையாக விளக்கினார். கொலெட் 1943இல் இங்கே உருவான '43 குழு என்ற ஓவியர் அமைப்பைச் சேர்ந்தவர்; கேலிச்சித்திரக்காரர் மட்டுமல்ல, ஓவியரும்கூட. கார்ட்டூன் பழகமுன் உடம்பை ஒழுங்காக வரையப் பழக வேண்டும் என்று ரீச்சர் ஏன் அத்தனை பிடிவாதமாக இருந்தார் என்பது அப்போது முழுதாக விளங்கியது.

அக்காவுக்கு எப்படி நன்றி சொல்ல? பென்சில் படத்தில் வசனத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, என்ன நடக்கிறதென்று அவ சொல்லுவா. அது சரியாக இருந்தால் மட்டுமே மை பூசுவேன். இன்றும் அப்படித்தான்.

உங்களைப் பார்த்துக் கீறிய தாள்களை நகலெடுத்து வைத்திருக்கிறேன். சந்தைக்கு வரும் ஞாயிறு காலை கொண்டுவருவேன். மற்றவர்களுக்கு வீட்டுக்கே வந்து தருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் வெள்ளவத்தைத் தம்பி