அரங்கு நிறைந்தும் பற்றாக்குறை ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

நிகழ்கலை நிர்வாகத்துக்கு முதுநிலைப் படிப்பு எதற்கு, மேடை அனுபவமே போதாதா என்று கேட்பவர்கள் எங்கள் நாடகக் குழுவின் கணக்கேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். அதை எழுதுகிறவன் நான்.

அரங்கு நிறைந்த ஆண்டிலும் துண்டு விழுகிறது. காரணத்தைப் பொருளியலாளர்கள் பாமோலும் போவனும் 1966-இலேயே விளக்கிவிட்டார்கள். நால்வர் இசைக்கும் படைப்புக்கு அன்றும் நால்வர், இன்றும் நால்வர், நேரமும் குறையாது. ஊதியம் மட்டும் மற்ற தொழில்களைப் பார்த்து ஏறியாக வேண்டும். இது தெரியாத எங்கள் நிர்வாகக் குழு, ஊதாரித்தனம் என்று முடிவுகட்டி மேடை ஒளியமைப்பாளரின் சம்பளத்தில் கைவைத்தது. (நடிப்பில் அவர்கள் சூரர்கள், அதை மறுக்கவில்லை.)

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நாடகப் பள்ளியில் அரங்க மேலாண்மை மாணவர்கள் தொழில்முறை அரங்கிலேயே வேலை பழகுகிறார்கள். 2021-இல் அங்கே கல்விக் கட்டணத்தையும் நீக்கிவிட்டார்கள். மற்றப் பல்கலைக்கழகங்களிடம் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான்: சொற்பச் சம்பளத் துறைக்கு ஆளை அனுப்பிவிட்டு, தலையில் கடனையும் ஏற்றுகிறார்கள். கட்டணத்தைக் குறையுங்கள், ஒப்பந்தம் எழுதவும் நன்கொடை கேட்கவும் முதல் பருவத்திலேயே கற்றுக்கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நாடகக் குழுவின் கணக்கர்